பயிர் வளர்க்கும் மண் பாக்டீரியாக்கள்: வேருக்கு உயிரோடு கொண்டு சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

"உயிர் உரம் வாங்கிப் போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை" என்று சொல்கிறவர்கள் நிறைய பேர். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பொட்டலம் எத்தனை நாள் எங்கே கிடந்தது, எதோடு கலந்தார்கள், எந்த நேரத்தில் போட்டார்கள் என்று விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அந்த உயிர் உரத்தில் இருந்த பாக்டீரியா வேரைப் பார்ப்பதற்கு முன்பே செத்துப் போயிருக்கும். யூரியா மூட்டை பரணில் கிடந்தாலும் யூரியாதான். பாக்டீரியா அப்படி இல்லை. அதற்கு வெயில் சுடும், உப்பு எரியும், ஈரம் போனால் உயிர் போகும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகும்: விதை முளைத்து வேர் விடும் அந்தச் சில நாட்களில், அந்த வேரின் பக்கத்தில், போதுமான எண்ணிக்கையில், உயிரோடு பாக்டீரியா இருக்கிறதா?

முதலில் ஒரு கணக்கு

நல்ல தூள் வகை உயிர் உரத்தில் ஒரு கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்களாவது இருக்க வேண்டும். ஏக்கருக்கு 800 கிராம் வாங்கி நிலம் முழுக்க வீசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000 கோடி செல். பெரிய எண்தான். ஆனால் ஒரு ஏக்கரில் மேலே உள்ள 15 சென்டிமீட்டர் மண் மட்டும் ஏறக்குறைய 850 டன் எடை இருக்கும். வகுத்துப் பாருங்கள். ஒரு கிராம் மண்ணுக்கு ஐம்பது செல்கூடத் தேறாது. அதே ஒரு கிராம் மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பல கோடி. அந்தக் கூட்டத்தில் ஐம்பது பேர் போய் என்ன செய்துவிட முடியும்?

இப்போது வேறு மாதிரி பாருங்கள். 200 கிராம் பொட்டலம் ஒன்றை ஒரு ஏக்கருக்கான 30 கிலோ சோயா விதையில் பூசுகிறோம். நூறு விதை 12 கிராம் என்றால் 30 கிலோவில் இரண்டரை லட்சம் விதை. ஒரு விதைக்கு 40,000 செல் கிடைக்கிறது. முளைவேர் வெளியே வந்ததும் அது முதலில் தொடுவது இந்த 40,000 பேரைத்தான். பொட்டலம் நான்கில் ஒரு பங்கு, எண்ணிக்கையும் நான்கில் ஒரு பங்கு, ஆனால் பலன் பல மடங்கு. சோயா போன்ற பெரிய விதைக்கு ஒரு லட்சம் செல் வரை ஒட்டியிருப்பது நல்லது. அதனால் பூசும் அளவைக் கொஞ்சம் கூட்டினால் தப்பே இல்லை.

எவ்வளவு போட்டோம் என்பதைவிட எங்கே போட்டோம் என்பது பெரிய விஷயம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. 1904-இல் ஜெர்மனியின் விஞ்ஞானி லோரென்ஸ் ஹில்ட்னர் வேரைச் சுற்றியுள்ள மண்ணுக்கு 'வேர் மண்டலம்' என்று தனிப் பெயரே வைத்தார். வேரைச் சுற்றி ஒரு சில மில்லிமீட்டர்தான் அந்த மண்டலம். இலை தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் அங்கே கசியவிடுகிறது. அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் பாக்டீரியாக்கள் அங்கே கூடுகின்றன. நாம் விடும் பாக்டீரியாவுக்கு அந்தப் பந்தியில் முதல் வரிசையில் இடம் பிடித்துக் கொடுப்பதுதான் நம் வேலை.

எது என்ன வேலை செய்கிறது

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் எந்தச் செடிக்கும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. பயறு வகைச் செடிகளுக்கு மட்டும் அதில் எப்படி ஒரு தனிச் சலுகை என்பது நீண்ட காலம் புதிராக இருந்தது. 1886-இல் ஹெர்மன் ஹெல்ரீகல், ஹெர்மன் வில்ஃபார்த் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் இருவரும் அதை அவிழ்த்தார்கள். நைட்ரஜனும் உயிரும் இல்லாத மணலில் பட்டாணி வாடியது. கொஞ்சம் வயல் மண்ணைக் கரைத்து ஊற்றியதும் வேரில் முடிச்சு வந்து, செடி தேறிக்கொண்டது. அந்த முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவை 1888-இல் டச்சு விஞ்ஞானி பெய்ஜெரிங்க் பிரித்தெடுத்தார். அதுதான் ரைசோபியம்.

ரைசோபியம் வேருக்குள் நுழைவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. வேர் முதலில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டு அழைக்கிறது. பாக்டீரியா தன் பங்குக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. பொருந்தினால் வேர்த்தூவி கொக்கி மாதிரி வளைந்து பாக்டீரியாவைச் சுற்றிக்கொள்கிறது. அதன் வழியே ஒரு மெல்லிய குழாய் உள்ளே நீள, அதில் பாக்டீரியா இறங்கிப் போகிறது. சமிக்ஞை பொருந்தவில்லை என்றால் கதவு திறக்காது. சோயாவுக்கான இனம் கொண்டைக்கடலைக்கு ஆகாது, கொண்டைக்கடலைக்கு உரியது நிலக்கடலைக்கு ஆகாது என்பதெல்லாம் இதனால்தான்.

அசோஸ்பைரில்லம், அசோட்டோபாக்டர் ஆகியவை முடிச்சு உண்டாக்காமல் நைட்ரஜனைப் பிடிப்பவை. புல் இனப் பயிர்களின் வேரில் அசோஸ்பைரில்லத்தின் முக்கியத்துவத்தை 1970-களில் பிரேசிலில் எடுத்துக் காட்டியவர் ஜோஹன்னா டோபரெய்னர். நெல், சோளம், மக்காச்சோளம், கம்பு, காய்கறி என்று எல்லாவற்றுக்கும் இதைக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அசோஸ்பைரில்லம் தரும் பலனில் பெரும் பகுதி, அது சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியால் வருகிறது. பக்கவேரும் வேர்த்தூவியும் கூடுகின்றன, செடி அதிக நீரையும் சத்தையும் எடுக்கிறது. ரைசோபியம் அளவுக்குத் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, கொட்டிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பாஸ்போபாக்டீரியா என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பேசில்லஸ் மெகாடீரியம் போன்ற இனங்கள். மண்ணில் போட்ட மணிச்சத்தில் (பாஸ்பரஸில்) பெரும்பகுதி கார மண்ணில் கால்சியத்தோடும் அமில மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் இறுகிக் கிடக்கும். இந்த பாக்டீரியாக்கள் குளுகோனிக் அமிலம் மாதிரி அமிலங்களைச் சுரந்து அதைக் கரைக்கின்றன. கரைக்கத்தான் செய்யும், புதிதாக உண்டாக்காது. மண்ணில் மொத்த மணிச்சத்தே குறைவு என்றால் இதனால் பயன் இல்லை.

சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் இரண்டும் வேரின் காவலாளிகள். சூடோமோனாஸ் இரும்பைப் பற்றிக்கொள்ளும் பொருள்களைச் சுரந்து, நோய்ப் பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் செய்கிறது. சில இனங்கள் பூஞ்சைகளை அடக்கும் எதிர்ப்பொருள்களையும் சுரக்கின்றன. நாற்றழுகல், வேரழுகல், வாடல் தொல்லை உள்ள நிலத்துக்கு இவை அவசியம். பேசில்லஸ் கெட்டியான உறைக்குள் நுண்வித்தாக (ஸ்போர்) உறங்கக்கூடியது. வெப்பத்தையும் வறட்சியையும் அது தாங்குகிற அளவுக்கு மற்றவை தாங்காது. சேமித்து வைக்கும் வசதி சரியாக இல்லாதவர்கள் முதலில் பேசில்லஸிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

பொட்டாஷைக் கரைக்க ஃப்ரட்டூரியா, துத்தநாகத்தைக் கரைக்கச் சில பேசில்லஸ் இனங்கள், கரும்புக்குக் குளுகோனசிட்டோபாக்டர் என்று பட்டியல் நீளும். வேர் உட்பூசணம் என்ற மைக்கோரைசா, டிரைகோடெர்மா இரண்டும் பாக்டீரியா அல்ல, பூஞ்சைகள். ஒரே அலமாரியில் விற்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பூஞ்சைகளைக் கொல்லும் பூஞ்சாணக் கொல்லி விஷயத்தில் இந்த வேறுபாடு ரொம்ப முக்கியம்.

படி 1: மண்ணைப் பாருங்கள்

மண் பரிசோதனை இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். முக்கியமாகப் பார்க்க வேண்டியது கார அமில நிலை (pH). 6 முதல் 7.5 வரை என்றால் கவலை இல்லை. 5.5-க்குக் கீழே போனால் ரைசோபியம் திணறும். அங்கே விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்பே சுண்ணாம்பு இட்டு மண்ணைத் திருத்த வேண்டும். களர், உவர் நிலம் என்றால் முதலில் அதற்கான திருத்தம், அப்புறம்தான் பாக்டீரியா.

அடுத்து, கரிமப் பொருள். மண்ணில் மக்கு இல்லையென்றால் வேர் கசியவிடும் சர்க்கரையை விட்டால் பாக்டீரியாவுக்கு வேறு உணவில்லை. நன்றாக மக்கிய தொழு உரம் அடியுரமாகப் போன நிலத்தில் இவை நிலைக்கின்றன. மக்காத சாணம் வேண்டாம், மக்கும்போது சூடும் அமோனியாவும் கிளம்பும்.

தண்ணீர் தேங்குகிற நிலத்தில் பயறு வகைக்கு முடிச்சு வராது. வேருக்கும் காற்று வேண்டும், முடிச்சுக்கும் காற்று வேண்டும். முதலில் வடிகாலைச் சரிசெய்யுங்கள்.

படி 2: உங்கள் பயிருக்கு எது தேவை

பயறு வகை என்றால் அந்தப் பயிரின் பெயர் போட்ட ரைசோபியமும், கூடவே பாஸ்போபாக்டீரியாவும். முடிச்சு வேலை செய்ய மணிச்சத்து நிறைய வேண்டும் என்பதால் இந்த ஜோடி நன்றாக ஒத்துப்போகும். தானியம், காய்கறி, பருத்தி, எள் போன்றவற்றுக்கு அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும். நாற்று விட்டு நடும் பயிர் எல்லாவற்றுக்கும் சூடோமோனாஸ் அல்லது பேசில்லஸ் சப்டிலிஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரைசோபியம் எல்லா நிலத்திலும் ஒரே மாதிரி பலன் காட்டாது. ஒரு பயிர் அந்த நிலத்தில் முதன்முதலாக வருகிறது என்றால் வித்தியாசம் கண்ணில் அறையும். சோயாவில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அதே பயறு இரண்டு மூன்று ஆண்டுகளாக நல்ல முடிச்சோடு விளைந்த நிலத்தில் பாக்டீரியா ஏற்கெனவே குடியேறியிருக்கும், புதிதாகப் போட்டாலும் விளைச்சல் பெரிதாக ஏறாது. பொட்டலம் விற்பனைக்கு வராத காலத்தில், நன்றாக விளைந்த பயறு நிலத்து மண்ணை அள்ளிப் புது நிலத்தில் தூவினார்கள். அதில் ரைசோபியம் வந்தது, கூடவே களை விதையும் நோயும் வந்தன. இப்போது அதைச் செய்ய வேண்டிய தேவை இல்லை.

படி 3: வாங்குவது, வைப்பது, சோதிப்பது

பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை: பாக்டீரியாவின் பெயர், எந்தப் பயிருக்கு, தயாரித்த நாள், காலாவதி நாள், கிராமுக்கு அல்லது மில்லிக்கு எத்தனை செல். தூள் வகைக்கு கிராமுக்கு 5 கோடி, திரவ வகைக்கு மில்லிக்கு 10 கோடி என்பது நல்ல அளவு. இந்த எண்ணே இல்லாத பொட்டலத்தை நான் தொடுவதில்லை. தூள் வகை ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும், திரவம் ஒரு வருடமோ அதற்கு மேலோ. காலாவதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று பழைய சரக்கை வாங்காதீர்கள். தயாரித்து ஒரு மாதத்துக்குள் கிடைத்தால் உத்தமம். தூளைத் தொட்டால் லேசாக ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்து புழுதியாகப் பறந்தால் உள்ளே உயிர் குறைவு.

ஒரு முறை நான் விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே பொட்டலங்களை வாங்கி, பம்ப்செட் அறையில் தகரக் கூரைக்கு அடியில் அடுக்கி வைத்தேன். கோடை வெயில். அந்த வருடம் பயறில் இருந்த முடிச்சுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொட்டலத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை. வைத்த இடம்தான் கொன்றது. அன்றிலிருந்து விதைக்கும் வாரத்தில்தான் வாங்குகிறேன், வீட்டில் குளிர்ச்சியான இருட்டு மூலையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். 25 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. உறைநிலைப் பெட்டியில் வைக்க வேண்டாம். பூச்சிமருந்து, உர மூட்டைகளின் பக்கத்திலும் வேண்டாம்.

ரைசோபியம் உயிரோடு இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஹெல்ரீகல் செய்தது போலத்தான். ஆற்று மணலை நாலைந்து முறை அலசி, தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். வெந்நீரில் கழுவிய இரண்டு தொட்டிகளில் நிரப்புங்கள். நைட்ரஜன் இல்லாமல் மற்றச் சத்து கொஞ்சம் கிடைக்க, ஒரு சிட்டிகை விறகுச் சாம்பலைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்துத் தெளிவை ஊற்றுங்கள். முதலில் ஒரு தொட்டியில் எதுவும் பூசாத விதையை நடுங்கள். அப்புறம் இன்னொன்றில் பூசிய விதை. வரிசையை மாற்றினால் உங்கள் கையே பாக்டீரியாவைக் கொண்டு போய்விடும். இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்து, கொதித்து ஆறிய நீரையே ஊற்றி வாருங்கள். நான்கு வாரம் கழித்துப் பிடுங்கிக் கழுவுங்கள். பூசியதில் முடிச்சு இருந்து பூசாததில் இல்லை என்றால் சரக்கு நல்ல சரக்கு. அடுத்த போகத்துக்கு எங்கே வாங்குவது என்பதை முடிவு செய்ய இது போதும்.

படி 4: பயிருக்குக் கொடுப்பது

விதை நேர்த்திதான் எல்லாவற்றிலும் சிறந்தது, செலவும் குறைவு. 200 கிராம் தூளுக்கு 250 முதல் 300 மில்லி ஆறிய கஞ்சித் தண்ணீர் அல்லது பத்து சதவீத வெல்லக் கரைசல் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரிலும் கலக்கலாம், ஆனால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும், வெதுவெதுப்புகூட ஆகாது. தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, சுத்தமான தரையிலோ தார்ப்பாயிலோ குவித்த விதையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கையால் புரட்டுங்கள். ஒவ்வொரு விதையிலும் மெல்லிய கறுப்புப் படலம் தெரிய வேண்டும். விதை பளபளவென்று நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நீர் அதிகம்.

சோயாவுக்கும் நிலக்கடலைக்கும் ஒரு எச்சரிக்கை. அவற்றின் தோல் மெல்லியது, ஈரம் பட்டதும் சுருங்கி உரியும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிக்கு மேல் கரைசல் போகக்கூடாது. தேய்க்கக் கூடாது, அள்ளி அள்ளிப் புரட்ட வேண்டும்.

பூசிய விதையை நிழலில் பரப்பி அரைமணி நேரம் உலரவிடுங்கள். வெயிலில் கூடவே கூடாது. அன்றைக்கே, முடிந்தால் நாலைந்து மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். உலர உலர விதையின் மேல் இருக்கும் செல்கள் மளமளவென்று சாகும். மழையை எதிர்பார்த்துக் காய்ந்த மண்ணில் விதைப்பதாக இருந்தால் இந்த முறை உதவாது. மண்ணில் ஈரம் வந்த பிறகு வரிசையோரம் இடும் முறைக்குப் போங்கள்.

நாற்றுப் பயிருக்கு வேர் நனைத்தல். ஏக்கருக்கு 400 கிராம் தூளை 15 முதல் 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அகலமான பாத்திரத்தில் வைத்து, நாற்றின் வேர்ப்பகுதி மட்டும் மூழ்கும்படி 15 முதல் 30 நிமிடம் நிறுத்தி வைத்து நடுங்கள். கரைசல் அடியில் படியும், நடுநடுவே கலக்கிவிட வேண்டும். குழித்தட்டு நாற்று என்றால் நடுவதற்கு முதல் நாள் கரைசலைத் தட்டின் மேல் ஊற்றிவிட்டாலே போதும்.

மண்ணில் இடுவதாக இருந்தால் 800 கிராமை ஏக்கருக்கு 20 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து, நிழலில் ஈரச் சாக்குப் போட்டு மூடி ஒரு வாரம் வைத்திருங்கள். பாக்டீரியா பெருகும். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம். மாலையில், மண் ஈரமாக இருக்கும்போது, விதை வரிசையிலோ செடியின் தூரிலோ இட்டு மண்ணால் மூடுங்கள். வீசி இறைக்க வேண்டாம். ஏன் என்று மேலே கணக்குப் போட்டோம். மரப் பயிருக்கு அடிமரத்தின் அருகில் போட்டுப் பயனில்லை. உறிஞ்சும் வேர் இருப்பது கிளை நிழலின் விளிம்பில், அங்கே வட்டமாகப் பறித்து இடுங்கள்.

சொட்டுநீரில் திரவ வகை மட்டும். தூள் துளைகளை அடைத்துவிடும். முதலில் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர், அப்புறம் பாக்டீரியா, கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர். குழாயை அமிலமோ குளோரினோ விட்டுச் சுத்தம் செய்த நாளில் இதை விடாதீர்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால், அகலத் தொட்டியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

தூளைக் கையாளும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். நன்மை செய்யும் உயிர்தான், ஆனாலும் புழுதியை நுரையீரலுக்குள் இழுக்கத் தேவையில்லை.

படி 5: மருந்தோடும் உரத்தோடும் மோதவிடாதீர்கள்

விதைக்குப் பூசும் வரிசை இது: முதலில் பூஞ்சாணக் கொல்லி, அடுத்து பூச்சிக்கொல்லி, எல்லாம் காய்ந்து ஒரு நாள் ஆன பிறகு கடைசியாக பாக்டீரியா. திரம், கேப்டான், தாமிர மருந்துகள் போன்ற பூஞ்சாணக் கொல்லிகள் ரைசோபியத்தைக் கடுமையாகப் பாதிக்கும். அவை பூசிய விதை என்றால் பாக்டீரியாவை மண் வழியாகக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகளைச் சேர்த்தால் சூடோமோனாஸ் போட்டும் போடாததும் ஒன்றுதான்.

ரசாயன உரத்தோடு நேரடியாகக் கலக்கவே கூடாது. உரத்தின் உப்பு, செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துவிடும். இரண்டுக்கும் இடையில் ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

பாக்டீரியாக்களை ஒன்றோடொன்று கலக்கலாமா? அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் சேரும். ரைசோபியமும் பாஸ்போபாக்டீரியாவும் சேரும். சூடோமோனாஸையும் டிரைகோடெர்மாவையும் நான் ஒரே வாளியில் கலப்பதில்லை. சில இனங்கள் ஒன்றையொன்று அடக்கும். ஒன்று விதையில், மற்றது மண்ணில் என்று பிரித்துவிடுங்கள்.

படி 6: தழைச்சத்தை எவ்வளவு குறைப்பது

மண்ணில் நைட்ரேட் நிறைய இருந்தால் பயறுச் செடி முடிச்சே வைக்காது. முடிச்சை நடத்த அது தன் சர்க்கரையைச் செலவழிக்க வேண்டும், இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் செலவு செய்யும்? அதனால் பயறுக்குத் தொடக்கத்தில் ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ தழைச்சத்து கொடுத்தால் போதும். மூன்றாவது வாரத்தில் இலை கொஞ்சம் வெளிறும். விதையில் இருந்த சத்து தீர்ந்து, முடிச்சு இன்னும் வேலை தொடங்காத இடைவெளி அது. இந்த நேரத்தில் பயந்து யூரியா போடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு வாரம் பத்து நாள் பொறுங்கள், பச்சை திரும்பும்.

தானியம், காய்கறிக்கு அசோஸ்பைரில்லம் போட்டோம் என்று தழைச்சத்தை அடியோடு நிறுத்தாதீர்கள். முதல் போகத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க வேண்டாம். அதுவும் நிலத்தில் ஒரு பகுதியில் மட்டும் குறைத்துப் பாருங்கள்.

முடிச்சுக்குள் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு இரும்பும் மாலிப்டினமும் வேண்டும். அமில மண்ணில் மாலிப்டினம் செடிக்குக் கிடைக்காமல் போகும். சுண்ணாம்பு இடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 7: வேரைத் தோண்டிப் பாருங்கள்

விதைத்து 35 முதல் 45 நாளில், பூ எடுக்கும் தறுவாயில், நிலத்தின் ஐந்தாறு இடங்களில் இரண்டிரண்டு செடி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். ஒரு சாண் தள்ளி மண்வெட்டி போட்டு, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் ஊறவையுங்கள். மண் தானாகக் கரைந்து இறங்கும்.

இப்போது முடிச்சுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஆணிவேரின் மேல் பகுதியில், தண்டுக்குக் கீழே கொத்தாக இருந்தால் நீங்கள் விதையில் பூசிய பாக்டீரியா பிடித்திருக்கிறது. ஆணிவேர் வெறுமையாக, பக்கவேர்களில் மட்டும் அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் அவை பெரும்பாலும் மண்ணில் ஏற்கெனவே இருந்தவற்றின் வேலை. உங்கள் பூச்சு வழியிலேயே எங்கோ செத்திருக்கிறது.

பெரிய முடிச்சு ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் இரண்டாகப் பிளங்கள். உள்ளே இளஞ்சிவப்பு, நகத்தில் லேசாகச் சிவப்புச் சாறு ஒட்ட வேண்டும். நம் இரத்தத்துக்குச் சிவப்பு தருகிற பொருளின் உறவுக்காரப் பொருள் அது, லெகுமோகுளோபின். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று அளந்து அளந்து ஆக்சிஜன் கொடுப்பது இந்தச் சிவப்புப் பொருள்தான். சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் இளசு, அல்லது தப்பான இனம் புகுந்து சும்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் வேலை முடிந்துவிட்டது. காய் முற்றும் கட்டத்தில் பச்சை வருவது இயல்பு, பூ எடுக்கும்போதே வந்தால் வறட்சியோ நீர்த்தேக்கமோ இருக்கிறது.

நூற்புழு உண்டாக்கும் வீக்கத்தை முடிச்சு என்று நினைத்து மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறுபாடு எளிது. நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணி கோத்த மாதிரி ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உருண்டு விழும். நூற்புழு வீக்கத்தில் வேரே தடித்திருக்கும், பிய்த்தால் வேரும் சேர்ந்து பிய்யும், உள்ளே சிவப்பு இருக்காது.

முடிச்சு இல்லாத பயிர்களில் வேரின் அடர்த்தியைப் பாருங்கள். பூசிய செடியையும் பூசாத செடியையும் கழுவி ஒரு வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்தால், சிறு வேர்களின் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

படி 8: ஒரு பட்டையை விட்டு வையுங்கள்

ஒப்பிட ஆள் இல்லாமல் பலன் தெரியாது. நிலத்தின் நடுவில், ஓரத்தில் அல்ல, நாலைந்து வரிசை பாக்டீரியா இல்லாமல் விடுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று இடங்களில். அந்த வரிசைகளை முதலில் விதைத்துவிட்டு, அப்புறம் பூசிய விதையைக் கையில் எடுங்கள். உரம், நீர், களை எடுப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும்.

அறுவடையில் இரண்டு பக்கத்திலும் ஒரே நீளமுள்ள வரிசைகளை அளந்து, தனித்தனியாக அறுத்து, ஒரே மாதிரி காயவைத்து எடை போடுங்கள். நோட்டில் எழுத வேண்டியவை: பொட்டலத்தின் தயாரிப்பு நாள், பூசிய நேரம், விதைத்த நேரம், அன்றைய மண் ஈரம், 40-ஆம் நாளில் செடிக்கு எத்தனை சிவப்பு முடிச்சு, இரண்டு எடைகள். எடையில் வித்தியாசம் இல்லாமல், முடிச்சு இரண்டு பக்கமும் நிறைய இருந்தால் உங்கள் மண்ணிலேயே பாக்டீரியா இருக்கிறது, அடுத்த போகம் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கலாம். முடிச்சு இரண்டு பக்கமும் இல்லை என்றால் மணல் தொட்டிச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.